துப்பாத வாய்

வைனை வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது என்று கொழும்பிலிருந்து வந்த டெரன்ஸ் ஐயா சொன்னபோதே இது நடக்காது என்று எனக்குத் தெரியும். வாய்க்குள் போனதைத் துப்புகிற ஆளா என் புருஷன்? பதினொரு வருஷமாக அவரோடு குடும்பம் நடத்துகிறவள் நான். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யார் கேட்டார்கள்?

கற்பிட்டிக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. நாட்டில் சண்டை முடிந்த பிறகு, காற்றில் பட்டம் ஏற்றி அதைப் பிடித்துக்கொண்டு கடலில் வழுக்குகிற வெள்ளைக்காரர்களுக்காக இந்தப் பக்கம் நிறைய ஹோட்டல்கள் வந்தன. அதில் ஒன்று. நான் குசினியில் சமையல்காரர் சாஹுல் ஹமீது நானாவுக்குத் துணை. என் புருஷன் யாகப்பு மேசைக்குச் சாப்பாடும் குடிவகையும் கொண்டுபோகிறவர். சோழகக் காற்று வீசும் மாதங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது.

யாகப்பு முந்திக் கடலுக்குப் போனவர். கரைக்கு வந்தால் நேரே சாராயக் கடை, கையில் காசு குறைந்தால் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் காய்ச்சுகிற வீடு. அந்த நாட்களை நான் விரித்துச் சொல்லப் போவதில்லை. எங்கள் மகள் ஜெசிந்தாவுக்கு நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. புத்தளம் ஆஸ்பத்திரியில் பிள்ளை கண் திறக்காமல் கிடந்தாள். அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் பஸ் ஏறித் தலவில கோயிலுக்குப் போனார். மணலில் முழங்காலால் நடந்து, பிள்ளையைத் தா தாயே, இனிக் குடியைத் தொட மாட்டேன் என்று மாதாவின் தாய் அன்னம்மாவிடம் நேர்ந்துவிட்டு வந்தார். பிள்ளை கண் திறந்தாள். அவர் கடலை விட்டார், கூட்டாளிகளை விட்டார், ஹோட்டலுக்கு வந்தார். போத்தல் போத்தலாகத் தூக்கிக்கொண்டு திரிகிற வேலை, ஆனால் ஐந்து வருஷத்தில் ஒரு மூடியை மணந்துகூடப் பார்த்ததில்லை.

அந்த நேர்த்தியை அன்னம்மா மட்டும் காவல் காக்கவில்லை. நானும் காத்தேன். கலியாண வீட்டில் யாராவது கிளாஸை நீட்டினால், அவருடைய கண் அதில் கொஞ்சம் கூடுதலாக நின்றால், நான் காதுக்குள் சொல்லுவேன்: "பிள்ளைட உசுரு உங்கட வாயிலதான் இருக்கு. ஞாபகம் வச்சிக்கங்க." உடனே தலையைக் குனிந்துகொள்ளுவார். அந்த ஒரு பேச்சு போதும். வீட்டிலும் சொல்லுவேன், ரோட்டிலும் சொல்லுவேன், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஸ்பெய்ன் நாட்டு வைன் வந்து சேர்ந்தது.

டெரன்ஸ் ஐயாவின் கம்பெனி வெளிநாட்டு வைன் இறக்குகிற கம்பெனி. எங்கள் ஹோட்டலில் தங்கியிருந்த ஒரு கூட்டத்துக்கு ஞாயிறு மதியம் பெரிய விருந்து, ஒவ்வொரு கறியோடும் அந்தச் சிவப்பு வைன், எந்தக் கறிக்கு ஏன் பொருந்துகிறது என்று மேசையில் நின்று ஒருவர் விளக்க வேண்டும். அதற்குத்தான் பழக்க வந்தார். மனேஜர் சிலாபத்துச் சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார். குசினிக்குள் வந்து எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். சாஹுல் ஹமீது நானா தொட மாட்டார். மேசைக்கு நிற்கிற மற்றப் பையன் றிம்ஸானும் தொட மாட்டான். மனேஜரின் கண் யாகப்புவில் வந்து நின்றது.

"யாகப்பு, நீங்க கத்தோலிக்கர்தானே. கோயில்ல நீங்க எல்லாம் வைன் குடிக்கிறதுதானே. பிரச்சின இல்ல."

கோயிலில் வைன் குடிப்பது பூசை வைக்கிற சுவாமி. எங்களுக்கு அப்பம் மட்டும்தான். அதை மனேஜருக்கு எடுத்துச் சொல்ல யாகப்பு வாயைத் திறக்கவில்லை. நான்தான் முன்னுக்குப் போனேன்.

"சேர், அவர் நேர்த்தி. நான் ருசி பாத்துச் சொல்றன்."

டெரன்ஸ் ஐயா நல்ல மனிதர், பொய் சொல்லக் கூடாது. எனக்கும் ஒரு கிளாஸில் ஊற்றித் தந்தார். நிறம் கறுப்பில் முடிகிற சிவப்பு. வாயில் விட்டேன். பல் ஈறெல்லாம் இழுத்துப் பிடித்தது. வாளியில் துப்பினேன், பல் விளக்கித் துப்புகிற மாதிரி. எனக்கு அது கஷாயம், அவ்வளவுதான். "நீங்க நல்லாத் துப்புறீங்க" என்று சிரித்தார். "ஆனா மேசையில நிக்கிறவர்தான் ருசிய அறிஞ்சிருக்கணும். விழுங்கத் தேவையில்ல. துப்பினாக் குடிச்சதா ஆகாது."

யாகப்பு கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தார். ஒரு கையால் பிடிக்கிற சாமானை ஏன் இரண்டு கையால் பிடிக்கிறார் என்று நான் அப்போதே யோசித்தேன். டெரன்ஸ் ஐயா சொன்னபடி சுழற்றினார், மணந்தார், வாயில் எடுத்தார். கன்னம் இரண்டும் அசைந்தன. வாளிக்கு மேலே குனிந்தார். அப்படியே நின்றார். பிறகு நிமிர்ந்தார். தொண்டைக் குழி ஏறி இறங்கியது.

"நாவற்பழம் சேர்" என்றார். "கொட்டையோட சேத்துச் சப்பினமாதிரி. பொறகு கொஞ்சம் தார் மணம். வள்ளத்துக்குப் பூசுற தார்."

டெரன்ஸ் ஐயாவுக்கு வாய் நிறையச் சந்தோஷம். தோல், புகையிலை என்று தான் சொல்லித் தர இருந்ததை விட்டுவிட்டு, இதையே மேசையிலும் சொல்லுங்கள் என்றார். விழுங்கியதை அவர் கவனித்தாரோ இல்லையோ, நான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டேன். ஜெசிந்தா உள்ளே கட்டிலில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள்.

"துப்பச் சொன்னாங்கதானே. நான் துப்பினேன்தானே. உங்களுக்கு என்ன வாய் ஒட்டிப்போச்சா?"

"ஏலாது கமீலா."

"ஏன் ஏலாது?"

அவர் வாசல்படியில் இருந்து மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சின்ன வயதில் கோயில் பீடத்தில் சுவாமிக்கு உதவி செய்தவர் அவர். பூசையில் சுவாமி பாத்திரத்தில் இருந்ததைக் கடைசிச் சொட்டுவரை குடிப்பார். அதில் தண்ணீர் விட்டுக் கழுவி அந்தத் தண்ணீரையும் குடிப்பார். அது ஆண்டவருடைய இரத்தம், ஒரு சொட்டும் நிலத்தில் விழக் கூடாது. ஒரு நாள் திருவிழாப் பூசையில் துணியில் ஒரு சொட்டு விழுந்துவிட்டது என்று கிழட்டுச் சுவாமி அழுததை அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். வைன் என்றால் அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"வாய்க்குள்ள எடுத்திட்டன். அதப் போய் மீன் கழுவுற வாளியில துப்பச் சொன்னா எப்படித் துப்புற? கை காலெல்லாம் கூசுது."

"அது கடைச் சாமான். சுவாமி கை வைக்காத சாமான். தண்ணிக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

"எனக்கும் விளங்குது. வாய்க்கு விளங்கேல்ல." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "நான் அன்னம்மாவுக்குக் குடிய விடுறன் எண்டு சொன்னது சாராயத்த நினைச்சித்தான். இது அந்தச் சாமான் இல்ல."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "நல்ல கதை. அன்னம்மாவுக்கே சட்டம் படிப்பிக்கிறீங்களா? பிள்ளைட உசுரு உங்கட வாயிலதான் இருக்கு. இண்டைக்கு விழுங்கினது நீங்க, நாளைக்கு அனுபவிக்கப் போறது அவள்." நன்றாகச் சத்தமாகத்தான் சொன்னேன்.

அந்தக் கிழமை முழுக்கக் குசினியில் சோதனைதான் நடந்தது. நானும் சாஹுல் ஹமீது நானாவும் சமைப்போம், யாகப்பு ஒரு வாய் கறி, ஒரு வாய் வைன் என்று எடுத்துப் பார்த்துச் சொல்லுவார். மூன்று பேரும் சேர்ந்து ஒரே கறியைச் சமைத்தோம், ருசி மட்டும் ஒருவருடைய நாக்கில். எங்கள் ஊர் நண்டுக் குழம்பை முதலில் வைத்தோம். "சரிவராது. உறைப்பும் இதும் சேந்து வாய்க்குள்ள நெருப்பு" என்றார். அறுக்குளா மீன் பொரித்து வைத்தோம். "ஆணிய நக்கினமாதிரி இருக்கு" என்றார். இந்த வைனுடைய துவர்ப்புக்குக் கொழுப்பும் உப்பும் வேண்டும், உறைப்பு ஆகாது, மீன் ஆகாது என்று டெரன்ஸ் ஐயா சொல்லிவிட்டுப் போனது சரிதான். கடலை வாசலில் வைத்துக்கொண்டு மீன் இல்லாத விருந்து செய்ய வேண்டியதாகப் போயிற்று.

எலுவன்குளத்திலிருந்து ஆட்டுத் தொடை எடுப்பித்தார் நானா. மிளகாயைத் தள்ளிவிட்டு, வறுத்த தேங்காய்ப்பூவும் கறுவாவும் கொஞ்சம் மிளகும் அரைத்துத் தடவி, சிரட்டைக் கரியின் மேல் மெல்ல வாட்டினோம். கொழுப்பு உருகிக் கரியில் விழுந்து புகை எழும்பியது. கடைசியில் மேலே கல் உப்புத் தூவினோம். யாகப்பு ஒரு துண்டு தின்றார், ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுதான். துவர்ப்பு எங்க போனதெண்டு தெரியல்ல. இறைச்சியும் இனிக்குது, இதும் இனிக்குது."

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். ஐந்து வருஷமாகச் செத்த மீன் மாதிரி இருந்த கண்ணில் வெளிச்சம் வந்திருந்தது. ஒரு பெண்சாதி சந்தோஷப்பட வேண்டிய வெளிச்சம். எனக்குப் பயம்தான் வந்தது. அந்த வெளிச்சத்தை எனக்குப் பழைய நாட்களிலிருந்து தெரியும்.

சாஹுல் ஹமீது நானாவும் பார்த்தார். "தங்கச்சி, ஆக்கிக் குடுக்கிறது என்ட தொழில். அவங்க என்னத்தோட சேத்துத் திண்டாலும் அது அவங்கட பாடு. ஆனா இந்தப் போத்தல் வந்த நாள்லேந்து இந்தக் குசினியில எனக்கு மனசு சரியில்ல" என்றார்.

திறந்த போத்தல் அடுத்த நாளுக்கு ஆகாது, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும் என்பதும் டெரன்ஸ் ஐயா சொன்னதுதான். யாகப்பு கொட்டவில்லை. துப்ப முடியாதவர் கொட்டுவாரா? ஒவ்வொரு பின்னேரமும் போத்தலில் மிஞ்சியதை ஒரு மூலையில் நின்று குடித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். நான் சண்டை பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமையோடு எல்லாம் முடிந்துவிடும், போத்தலும் இருக்காது, வைனும் இருக்காது என்றார். நானும் ஞாயிற்றுக்கிழமையையே பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஞாயிறு வந்தது. வேலை காரணமாகப் பூசைக்குப் போகவில்லை. விருந்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாகப்பு வெள்ளைச் சேட்டோடு நின்று, நாவற்பழத்தைப் பற்றியும் வள்ளத்துத் தாரைப் பற்றியும் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். வந்தவர்கள் கைதட்டினார்கள். ஆட்டுத் தொடை எலும்பு மட்டும் திரும்பி வந்தது. மனேஜர் குசினிக்குள் வந்து எல்லாருக்கும் கை கொடுத்தார்.

பிறகு கிளாஸ்கள் வந்தன. வெள்ளைக்காரர்கள் பாதி குடித்து, கால்வாசி குடித்து வைத்த கிளாஸ்கள், தட்டம் தட்டமாக. கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நான் நின்றேன். முதல் கிளாஸை எடுத்துக் கவிழ்க்கப் போனேன். யாகப்பு என் கையைப் பிடித்தார். என்னிடமிருந்து அதை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். பிறகு குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, கிளாஸைச் சுற்றிக் கழுவி, அந்தத் தண்ணீரையும் குடித்தார். துணியால் துடைத்து வைத்தார். அடுத்த கிளாஸை எடுத்தார்.

"யாகப்பு, போதும். கொட்டுங்க" என்றார் சாஹுல் ஹமீது நானா.

"கொட்டப்படாது நானா."

யாரோ தெரியாத ஆட்களின் எச்சில். உதட்டுச் சாயம் ஒட்டின கிளாஸ்கள். ஒன்றையும் விடவில்லை. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. றிம்ஸான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான். கடைசிக் கிளாஸைத் துடைத்து வைத்தபோது என் புருஷனுக்கு நேரே நிற்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமையோடு வைன் முடிந்தது, அவர் சொன்னது சரிதான். செவ்வாய்க்கிழமை சாராயம். அடுத்த கிழமை கசிப்பு. இரண்டு நாள் வேலைக்கு வராமல், மூன்றாம் நாள் ஆடிக்கொண்டு வந்து ஒரு தட்டத்தைப் போட்டு உடைத்தார். மனேஜர் இனி வர வேண்டாம் என்றார். பிரச்சினை இல்லை என்று சொன்னதும் அதே வாய்தான். அவருக்கு என்ன, வேறு ஆள் கிடைக்கும்.

தலவிலத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. ஒவ்வொரு வருஷமும் ஜெசிந்தாவின் உயரத்துக்கு மெழுகுதிரி கொண்டுபோய் மூன்று பேருமாகக் கொளுத்திவிட்டு வருவோம். இந்த வருஷம் எப்போது போவது என்று பிள்ளை கேட்டாள். "எந்த முகத்தோட போற?" என்றார் அவர். பிள்ளை அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்தப் பேச்சு அவரையும் எங்கோ குத்தியிருக்க வேண்டும். அடுத்த இரண்டு நாளும் அவர் குடிக்கவில்லை. வேர்த்து வடிய, முற்றத்துத் தென்னையின் கீழ் இருந்தார். கோப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். கோபம் போகவில்லை, ஆனாலும் கொடுத்தேன்.

"கமீலா, அவள்ட முகத்தப் பாத்தாப் பயமா இருக்கு" என்றார். "தும்மினாலும் பயமா இருக்கு. அந்தப் பயம் ஒண்டுதான் இப்ப என்னைப் பிடிச்சி வச்சிருக்கு. அதும் இல்லாட்டி நான் இந்நேரம் கசிப்பு வீட்டில."

"அப்ப பயந்துகொண்டே இருங்க" என்றேன். பிறகு குசினிக்குள் போய்ச் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வந்த மனிதர் திரும்பி வரப் போகிறார் என்று நினைத்தேன். நம்பினேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை பக்கத்து வீட்டு மர்ளியா வந்தாள். கையில் ஜெசிந்தாவின் பள்ளிக்கூடப் பை. நீலப் பை, இந்த வருஷம் தைமாதம் வாங்கியது. மர்ளியாவின் மகள் நிஃப்லாவும் ஜெசிந்தாவும் ஒரே வகுப்பு.

"நேத்து எங்கட புள்ளைக்கு இதக் குடுத்திருக்கா. பென்சில் பெட்டியோட, தண்ணிப் போத்தலோட. வச்சிக்க எண்டாவாம். தொண்ணூறுல மன்னாரிலேந்து விரட்டின நேரம் எங்கட உம்மா வாப்பா ஒரு பேக்கோடதான் இங்க வந்தாங்க. சும்மா குடுக்கிற சாமானா இது? என்னெண்டு கேளுங்க."

மர்ளியா போன பிறகு ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். முற்றத்தில் யாகப்பு இருந்தார். வாசல் திறந்து கிடந்தது.

"ஏன் குடுத்த?"

"நிஃப்லாட பேக் கிழிஞ்சிட்டு."

"அப்ப உனக்கு?"

"எனக்கு இனித் தேவப்படாதும்மா."

"ஏன் தேவப்படாது?"

"அப்பா குடிச்சிட்டாரே" என்றாள்.

அழவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு என் சீலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "காய்ச்சல்தான் வருமா? போன முறை மாதிரி தலை நோகுமா?"

எத்தனை நாளாக இந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு கணக்குச் செய்திருக்கிறாள், சோறு தின்றிருக்கிறாள், என் பக்கத்தில் படுத்திருக்கிறாள். புருஷனுக்கு நான் வீசிய பேச்சு ஒன்று விடாமல் இவள் மேல்தான் விழுந்திருக்கிறது. வாசலைப் பார்த்தேன். தென்னையின் கீழிருந்து அவர் எழுந்து நின்றார். கேட்கிற தூரம்தான்.

என்ன சொல்லலாம் என்று எனக்குத் தெரியும். சொன்னால் யார் காதில் விழும் என்றும் தெரியும். மெல்லச் சொல்லியிருக்கலாம், உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கலாம் என்று பிறகு ஆயிரம் நினைத்தேன். பிள்ளை அப்படி முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஒரு தாய் அதெல்லாம் யோசிக்க மாட்டாள்.

"உனக்கு ஒண்டும் வராது" என்றேன். "உன்ட உசுரு ஒருத்தர்ட வாயிலயும் இல்ல. அம்மா கோவத்தில சொன்ன பேச்சு அது. அப்பா குடிச்சாலும் குடிக்காட்டியும் உனக்கு ஒண்டும் ஆகாது. அன்னம்மா அப்படிக் கணக்குப் பாக்கிற ஆள் இல்ல."

"குடிச்சாலுமா?"

"குடிச்சாலும்."

யாகப்பு வாசலுக்கு வந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைத்தான் பார்த்தார்.

"கமீலா, இப்ப சொன்னது உண்மையா?"

ஜெசிந்தா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் இரண்டு பதில் சொல்ல எனக்கு இரண்டு வாய் இல்லை.

"ஓம், உண்மை" என்றேன்.

அவர் நிலையிலிருந்து கையை எடுத்தார். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சு விட்டார். கொடியில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, படலையைத் திறந்து, கசிப்புக் காய்ச்சுகிற வீட்டுப் பக்கமாக நடந்தார். நான் கூப்பிடவில்லை. ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து பையைத் திறந்து, தன் கொப்பிகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கத் தொடங்கினாள்.